தலைசாமானை வெந்நீரில் போடாதே

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். நாட்டியத்துக்குத் தலையில் பூட்டுகிற தலைசாமானை வெந்நீரில் போட்டுக் கழுவலாமா என்று நேற்று போனில் நீ கேட்டதற்கு அவசரத்தில் "வேண்டாம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். ஏன் வேண்டாம் என்று தெரிந்தால்தான் அடுத்த தடவை நீயே யோசித்துச் செய்வாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உன் நாட்டிய நகை நம்ம நாகர்கோவில் வடசேரியில் செய்தது, மக்களே. வெள்ளித் தகட்டில் அடித்து, உள்ளே அரக்கு நிரப்பி, சிவப்புக் கெம்புக் கல் பதித்து, கல்லைச் சுற்றித் தங்க ரேக்கை, அதாவது மெல்லிய தங்கத் தாளை, அழுத்திய வேலை. சூரியன், சந்திரன், நெற்றிச்சுட்டி, ராக்கொடி எல்லாம் இப்படித்தான். அரக்கு சூட்டில் இளகும். வெந்நீரில் போட்டால் கல் ஆடத் தொடங்கும். பச்சைத் தண்ணீர் என்றாலும் கல்லுக்கு அடியில் இறங்கிவிட்டால் சிவப்பு மங்கிக் கறுக்கும். பிறகு கல்லைப் பெயர்த்தெடுத்து மறுபடி பதிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

அப்போ எப்படிச் சுத்தம் பண்ணுவது? கச்சேரி முடிந்ததும் கழற்றி நேரே பெட்டிக்குள் போடாதே. வியர்வை பட்டபடியே இருந்தால் வெள்ளி சீக்கிரம் கறுக்கும். அப்பாவின் பழைய வேட்டித் துணி ஒன்று கொடுத்துவிட்டேனே, அதால் ஒற்றி எடு. தேய்த்தால் ரேக் உரிந்து வரும். இடுக்கில் பவுடர், குங்குமம் ஒட்டியிருந்தால் படம் வரைகிற மெல்லிய பிரஷ் போதும். கட்டுகிற கயிறும் நனைந்திருக்கும், மின்விசிறிக்குக் கீழே நன்றாகக் காயட்டும். அப்புறம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பஞ்சில் சுற்றி ஜிப் கவரில் போடு. புனேயில் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழை, சுவரெல்லாம் ஈரம் ஊறும். அதனால் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதே. ஸ்பிரே, சென்ட் எல்லாம் அடித்து முடித்து, அது காய்ந்த பிறகுதான் நகை பூட்ட வேண்டும். ஒட்டியாணத்தில் ஆடுகிற அந்தக் கல்லைப் பசை போட்டு ஒட்டிவிடாதே. தீபாவளிக்கு வரும்போது கொண்டு வா, ஆசாரியிடம் கொடுத்துப் பதித்துக்கொள்ளலாம்.

தங்கம் இவ்வளவு படுத்தாது. பூந்திக்கொட்டையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, அந்த நுரையில் வளையலையும் சங்கிலியையும் கொஞ்ச நேரம் வைத்து மெல்லிய பிரஷால் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். கல் வைத்ததை இதோடு சேர்க்காதே. பற்பசை வேண்டவே வேண்டாம், அது கீறும். குழாயடியில் நின்று கழுவாமல் பாத்திரத்தில் கழுவு, தண்ணீரையும் வடிகட்டியில் ஊற்று.

ஜிமிக்கித் தோட்டின் திருகாணியைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனா தெரியவில்லை. கையால் மரை போட்ட தோட்டில் ஒரு காதுத் திருகாணி மறு காதுத் தோட்டுக்குச் சரியாக ஏறாது. மாற்றிப் போட்டு அழுத்தித் திருகினால் மரை தேய்ந்துபோகும். பிறகு எப்போது கழன்று விழும் என்றே சொல்ல முடியாது. கழற்றியதும் அதனதன் திருகாணியை அதனதன் தோட்டிலேயே திருகி வை. சங்கிலியைக் கழுவும்போது கொக்கியை ஒட்டிய கண்ணிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார். அங்கேதான் முதலில் தேயும். மெலிந்து தெரிந்தால் உடனே ஆசாரியிடம் கொடுத்துப் பற்றவைத்துவிடு, அறுந்து விழுந்த பிறகு தேடிக்கொண்டிருக்க முடியாது.

பாட்டியின் முத்துமாலையைக் கடைசியாகப் போட்டு முதலில் கழற்று. முத்தும் பவளமும் சுண்ணாம்புச் சத்து, புளிப்பு பட்டால் அரிக்கும், வியர்வையும் ஆகாது. ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, தொங்கவிடாமல் படுக்க வை. வைரத்தோட்டோடு ஒரே டப்பாவில் போடாதே, வைரம் எதையும் கீறிவிடும். கொலுசை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதே, ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும்.

வாசலில் வந்து பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்பவனிடம் எதையும் கொடுக்காதே. ராஜதிராவகம் என்கிற அமிலத்தில் முக்கினால் தங்கம் கரைந்து அவன் பாத்திரத்தில் தங்கிவிடும். நகை மினுக்கும், எடை குறைந்திருக்கும்.

லாக்கர் எடுத்துவிட்டதாகச் சொன்னாய், நல்லது. ஆனால் தீ, திருட்டு, ஊழியர் மோசடி என்று ஏதாவது நடந்தால் வங்கியின் பொறுப்பு வருஷ வாடகையின் 100 மடங்கு வரைதான். வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். வெள்ளம், நிலநடுக்கம் போன்றவற்றுக்கு, வங்கியின் கவனக்குறைவு இல்லாத வரை, அதுவும் கிடையாது. ஆகவே நகைக்குத் தனியாகக் காப்பீடு எடுப்பது பற்றி மாப்பிள்ளையிடம் பேசு. ஒவ்வொன்றின் எடையையும் பில் விவரத்தையும் நோட்டில் எழுதி, போட்டோவும் எடுத்து வை. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய வளையலில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் அடையாளம் இருக்கும், அதையும் குறித்துக்கொள். நோட்டை லாக்கருக்குள் வைக்காதே, வீட்டில் இருக்கட்டும். நாமினி பெயர் பதிவாகிவிட்டதா என்று இந்த வாரமே வங்கியில் கேட்டு எனக்குச் சொல்லு.

அன்புடன்,
அம்மா