ஷேக் ஷெம்ஸ் சன்னதி: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள அங்கத்தினர்களுக்கு,

வட இராக்கில் நம் யஸீதி ஊரான பஹ்ஸானியில் இருப்பவர்களுக்கும், ஜெர்மனியிலிருந்து மாதம் தவறாமல் பணம் அனுப்பியவர்களுக்கும் வணக்கம். சன்னதி வேலை முடிந்தது. நம் ஏப்ரல் புத்தாண்டான சிவப்புப் புதனுக்கு முந்தின செவ்வாய் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டோம். வரவு செலவுக் கணக்கு தனித்தாளில் வருகிறது. தினாராக வந்தது, யூரோவாக வந்தது, ஆலிவ் எண்ணெயாக வந்தது எல்லாம் அதில் தனித்தனியாக இருக்கிறது. கணக்கில் ஏற்ற முடியாத சில சமாச்சாரங்களுக்காகத்தான் இந்த அறிக்கை. முக்கியமாக, பெயர்ப் பலகை என்ன ஆயிற்று என்று பலர் போனில் கேட்டுவிட்டீர்கள். அதற்குப் பதில் கீழே இருக்கிறது.

பழைய கதை எல்லோருக்கும் தெரியும். 2014 ஆகஸ்டில் ஐ.எஸ். படை வந்தபோது ஓர் இரவில் ஊரைக் காலி செய்தோம். 2016 நவம்பரில் பக்கத்து ஊரான பாஷிகாவும் பஹ்ஸானியும் மீட்கப்பட்டன. திரும்பி வந்து பார்த்தால் சன்னதிகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டிருந்தன, ஆலிவ் தோப்புகள் கருகிக் கிடந்தன. மற்ற ஊர்க்காரர்கள் முதலில் வீட்டுக்குக் கூரை போடுவார்கள். நம் ஊரில் வீடும் சன்னதியும் ஒன்றாகத்தான் எழும்பின.

கோபுரத்தில்தான் முதல் சிக்கல். ஷேக் ஷெம்ஸ் நமக்குச் சூரியன். கூம்புக் கோபுரத்தில் மேலிருந்து கீழே இறங்கும் மடிப்புகள் அவருடைய கதிர்கள் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். சரி, எத்தனை மடிப்பு? வரைபடம் எதுவும் இல்லை. ஜெர்மனியில் இருக்கும் ஒரு குடும்பம் தங்கள் பழைய கல்யாண போட்டோவை அனுப்பியது. மணப்பெண்ணின் தலைக்குப் பின்னால் பாதிக் கோபுரம் தெரிகிறது. போனில் பெரிதாக்கி எண்ணினோம், பன்னிரண்டு. அப்படியானால் மொத்தம் இருபத்துநான்கு என்று கொத்தனார் முடிவு கட்டிவிட்டார். நடுவில் ஒரு கம்பை நட்டு, உச்சியிலிருந்து அடிவரை இருபத்துநான்கு நூல் இழுத்துக் கட்டி, நூலுக்கு நூல் கல் அடுக்கினார். வேலை நடக்கும்போது பார்த்தால் சூரியனையே கயிறு போட்டு இறக்கின மாதிரி இருந்தது.

பூச்சில் ஒரு தவறு நடந்தது. அதை மறைக்க வேண்டாம். சீக்கிரம் முடியும் என்று குழுவே சிமென்ட்டுக்கு ஒப்புக்கொண்டது. முதல் மழைக்காலத்திலேயே விரிசல் விட்டது. எல்லாவற்றையும் கொத்தி எடுத்துவிட்டு, நம் பக்கத்துப் பழைய வழக்கப்படி ஜிப்சம் பூசினோம். இரட்டைச் செலவு. கணக்கில் அந்த வரியை யாரும் கேட்கும் முன்பே நாங்கள் கோடிட்டுக் காட்டியிருக்கிறோம்.

இரண்டாவது, வாசற்படி. தண்ணீர் விட்டுக் கழுவ வசதியாக இருக்கட்டும் என்று கொத்தனார் படியைத் தரையோடு தரையாகப் போட்டுவிட்டார். அவர் வெளியூர், அவருக்கு எப்படித் தெரியும்? மறுநாள் காலை நாலைந்து பாட்டிகள் வந்து நின்றார்கள். "மிதிக்கக் கூடாத படியை இப்படிப் போட்டால் எதைத் தாண்டுவது, எதை முத்தமிடுவது?" என்று ஒருவர் கேட்டார். பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மோசுல் பளிங்கில் ஒரு முழக் கல்லை வாங்கி, குனிந்து முத்தமிடுவதற்கு ஏற்ற உயரத்தில் வைத்தோம்.

அப்புறம் பெயர்ப் பலகை. முதல் திட்டத்தில் வாசலுக்கு இரண்டு பக்கமும் பளிங்குப் பலகை உண்டு. ஒன்றில் பணம் கொடுத்தவர்கள் பெயர், இன்னொன்றில் ஷேக் ஷெம்ஸின் கவ்ல், அதாவது அவருடைய புனிதப் பாடல். முதல் பலகைக்கே தகராறு. யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று மூன்று கூட்டம் நடந்தது. இரண்டாவது பலகைக்கு எந்த வடிவத்தைச் செதுக்குவது? கவ்ல் பாடும் பரம்பரையான கவ்வால்களில் ஒரு வீட்டில் பாடுகிற வரி அடுத்த வீட்டில் கொஞ்சம் மாறும். நம் கவ்ல்கள் பல தலைமுறை வாய்வழியே வந்தவை. பல கவ்ல்கள் முதன்முதலாக அச்சேறியதே 1970களின் கடைசியில்தான். நம் ஊரில் வீட்டில் பேசுவது அரபி, கவ்ல் பாடுவது குர்மாஞ்சி என்னும் குர்திஷ் மொழி. அதனால் பாடுபவருக்கு ஒவ்வொரு சொல்லும் மனப்பாடம்தான், கல்லைப் பார்த்துப் படிக்கிற பழக்கமே கிடையாது.

கூட்டத்தில் கடைசிவரை பேசாமல் இருந்த கவ்வால் பெரியவர் அப்போது ஒரு கதையை எடுத்தார். நீங்கள் கேட்டதுதான். ஆதாமின் உடம்பை மண்ணால் செய்து வைத்தாயிற்று. உயிரைக் கூப்பிட்டால், உள்ளே போக மாட்டேன் என்கிறது. எழுநூறு வருஷம் உடம்பு சும்மா கிடந்தது. தெஃப் என்கிற பறையும் ஷிபாப் என்கிற குழலும் வந்து ஒலித்த பிறகுதான் உயிர் உள்ளே இறங்கியது. கதையை முடித்துவிட்டுப் பெரியவர் கேட்டார்: "உங்கள் சன்னதியில் இப்போது எத்தனை தெஃப் இருக்கிறது?"

ஒன்றுகூட இல்லை. இருந்த ஒன்று அகதி முகாமிலேயே தோல் கிழிந்துபோனது. மற்றவை கவ்வால் குடும்பங்களோடு வெளிநாடு போய்விட்டன. அன்றைக்கே பலகை இரண்டையும் ரத்து செய்து, அந்தப் பணத்தில் இரண்டு தெஃபும் ஒரு ஷிபாபும் வாங்கத் தீர்மானம் போட்டோம். கவ்வால் வீட்டுப் பையன்கள் இருவர் பெரியவரிடம் கற்கிறார்கள். பெயர் வெட்டாததில் சிலருக்கு வருத்தம் உண்டு, புரிகிறது. கொடுத்தவர் பெயர் எல்லாம் கணக்குத் தாளில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைதோறும் ஒலிபெருக்கியில் கவ்ல் பதிவு போடலாம் என்று வந்த யோசனையையும் இதே காரணத்துக்காக ஏற்கவில்லை.

விளக்கேற்றின அன்று முதல் திரியை எங்கள் யாரையும் தொடவிடாமல் சன்னதிக் காவலரான மிஜெவிர் ஏற்றினார். எண்ணெய் நம் ஊர் ஆலிவிலிருந்து ஆட்டியது. தீயில் கருகிய மரங்களின் அடியிலிருந்து துளிர்த்த கிளைகளில் காய்த்தது அதில் பாதி. மறுநாள் விடிந்ததும் பெண்கள் சிவப்புக் காட்டுப்பூவையும் சாய முட்டை ஓட்டையும் ஈரச் சேற்றில் குழைத்து நிலையில் அப்பினார்கள். உலகம் முதலில் ஒரு முத்தாக இருந்ததன் ஞாபகம் அந்த முட்டை. முத்து வெடித்துக் கடலான பிறகு, பாலில் உறை விழுந்தது போல நம் புனிதத் தலமான லாலிஷ் விழுந்துதான் நிலம் கட்டியானது. இதெல்லாம் தெரியாத கொத்தனார், புது வெள்ளையில் சேற்றைப் பூசுகிறார்களே என்று தலையில் கை வைத்துக்கொண்டார். யாரோ அவர் கையில் இரண்டு முட்டையைக் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள்.

பாக்கி வேலை: சுற்றுச்சுவரில் கிழக்குப் பக்கம், குடிநீர்க் குழாய், கழிப்பறை. கழிப்பறை ஏன் தாமதம் என்று கேட்பவர்களுக்கு: ஏப்ரல் வருஷத்தின் மணப்பெண். அந்த மாதத்தில் கல்யாணமும் கிடையாது, மண்ணைத் தோண்டுவதும் கிடையாது. குழி வெட்ட ஆளும் சாமானும் தயாராக இருக்கிறது. அடுத்த மாதம் பிறந்ததும் வெட்டிவிடுவோம். அதுவரை வருகிறவர்கள் மிஜெவிர் வீட்டைப் பயன்படுத்திக்கொள்ளலாம், அவர் சம்மதித்திருக்கிறார்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு, பஹ்ஸானி