பி.டி. பீரியடைப் பறிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு நெருங்கினால் போதும், எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் முதலில் காணாமல் போவது பி.டி. பீரியடுதான். கணக்கு சாரோ அறிவியல் மிஸ்ஸோ அதை வாங்கிக்கொள்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அது நஷ்டம்தான், ஆனால் ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காமலோ ஓரிடத்தில் அசையாமல் உட்கார முடியாமலோ இருக்கும் நிலை) உள்ள பிள்ளைக்கு அது மதியச் சாப்பாட்டைப் பிடுங்கிக்கொள்வது மாதிரி. அதிலும், வகுப்பில் ஆடிக்கொண்டே இருந்தான், எழுதி முடிக்கவில்லை என்று சொல்லி, மற்றவர்கள் மைதானத்தில் ஓடும்போது அவனை மட்டும் தண்டனையாக உள்ளே உட்கார வைக்கிறார்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஏ.டி.எச்.டி. உள்ள என் மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். அவனுக்கு இது நடந்தது, அடிக்கடி நடக்கிறது. அப்படி உட்கார வைத்த நாளில் அதற்கு அடுத்த பீரியடில் அவன் இன்னும் மோசமாக இருக்கிறான், அதற்கும் திட்டு வாங்குகிறான்.

முதலில் ஒன்று. வாலுத்தனம் செய்கிற எல்லாப் பிள்ளைக்கும் ஏ.டி.எச்.டி. கிடையாது. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் தெரிய வேண்டும், குறைந்தது 6 மாதம் நீடிக்க வேண்டும், பள்ளியில் மட்டும் அல்லது வீட்டில் மட்டும் என்றில்லாமல் இரண்டு இடத்திலாவது இருக்க வேண்டும், அதனால் பிள்ளையின் படிப்போ பழக்கமோ பாதிக்கப்பட வேண்டும். இதையெல்லாம் மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல முடியும். சத்தமே போடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகளுக்கும் இது இருக்கலாம், யாரையும் தொந்தரவு செய்யாததால் அவர்களை ஒருவரும் கவனிப்பதில்லை.

ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சை, என்றால் பக்கவாதம் வந்தவர்களுக்கும் கை அடிபட்டவர்களுக்கும்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பிள்ளைகளுக்கு அது என்ன செய்கிறது என்பதைத் தெரபிஸ்ட் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரிகிறது. “அசையாதே, கவனி” என்று அவர்கள் சொல்வதில்லை. முதலில் உடம்புக்கு வேலை கொடுக்கிறார்கள். தசைக்கும் மூட்டுக்கும் அழுத்தம் கிடைக்கிற மாதிரி தள்ளுவது, இழுப்பது, தூக்குவது, தொங்குவது. இதை அவர்கள் ஹெவி வொர்க் என்கிறார்கள். அதற்கு அப்புறம்தான் பென்சிலும் நோட்டும். எங்கள் வீட்டில் வீட்டுப்பாடத்துக்கு முன்னால் சப்பாத்தி மாவு பிசைவது அவன் வேலை, குடத்தில் தண்ணீர் தூக்கி வந்து செடிக்கு ஊற்றுவதும் அவன் வேலை. நாற்காலியின் முன்கால்கள் இரண்டையும் சேர்த்து ஒரு பழைய சைக்கிள் டியூபைக் கட்டி வைத்திருக்கிறோம், கடையில் ஓசியில் கொடுத்தது. எழுதும்போது கால் அந்த டியூபை உதைத்துக்கொண்டே இருக்கும், கை மட்டும் தன்பாட்டுக்கு எழுதும். பக்கத்தை மடித்து இரண்டு கணக்கு மட்டும் தெரிகிற மாதிரி வைத்தால் போடுகிறான், அதை முடித்து எழுந்து ஒரு சுற்று வந்தால் அடுத்த இரண்டு. பக்கம் முழுக்கத் தெரிந்தால் ஒன்றுகூட நகராது. “பத்து நிமிஷம்” என்று வாயால் சொன்னால் அவனுக்கு அது பிடிபடாது, மணல் கீழே இறங்குகிற கடிகாரத்தைக் கண்ணால் பார்த்தால் பிடிபடுகிறது.

இவற்றில் பாதியை வகுப்பிலேயே செய்யலாம், காசும் கிடையாது. நோட்டுக் கட்டை ஸ்டாஃப் ரூமுக்குத் தூக்கிப் போகச் சொல்லலாம், கரும்பலகை அழிக்கச் சொல்லலாம். ஜன்னல், கதவு பக்கம் இல்லாமல் முன் பெஞ்சில் உட்கார வைக்கலாம். ஒரே மூச்சில் நான்கு வேலை சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்லலாம். வேலூர் வெயிலில் மதியம் மைதானத்துக்கு அனுப்ப முடியாது என்பார்கள், நியாயம்தான். வராந்தாவில் நின்று இரண்டு கையாலும் சுவரைத் தள்ளச் சொன்னால்கூடப் போதுமே!

அசைந்தால் எப்படிப் படிப்பான் என்று கேட்கிற ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் சென்ட்ரல் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 முதல் 12 வயது வரையான பையன்களை வைத்துச் செய்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. மனதில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலைகளை, ஏ.டி.எச்.டி. உள்ள பையன்கள் அதிகம் அசைந்தபோது நன்றாகச் செய்தார்கள். அது இல்லாத பையன்களோ அசைய அசையத் தப்பு செய்தார்கள். ஒரு பிள்ளைக்குப் போடுகிற அதே விதியை இன்னொரு பிள்ளைக்கும் போடுவது ஏன் சரிவராது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

இதற்காக மருந்தை நிறுத்திவிடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மருந்து வேண்டுமா வேண்டாமா என்பது மருத்துவர் முடிவு, தெரபி அதோடு சேர்ந்து போவது. ஆன்லைனில் விற்கிற கனமான ஜாக்கெட், சுழலும் பொம்மை எல்லாம் வாங்கிக் காசைக் கரைக்கவும் வேண்டாம். அந்த ஜாக்கெட்டுக்கு ஆதாரம் பலமாக இல்லை, பொம்மையோ வகுப்பு மொத்தத்தின் கவனத்தையும் இழுத்துவிடுகிறது.

எங்கெங்கோ வடக்கிலிருந்து ரயிலேறி வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருகிறார்கள், நமக்கு அது பஸ்ஸில் போகிற தூரம். அப்படியிருந்தும் குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் இருக்கிற தினக்கூலிக் குடும்பம் வாரா வாரம் தெரபிக்கு லீவு போட்டு வர முடியாது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பட்டியலில் ஏ.டி.எச்.டி.யும் இருக்கிறது. ஆனால் அதன் நடமாடும் மருத்துவக் குழு போவது அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் உதவிபெறும் பள்ளிகளுக்கும்தான், கடன் வாங்கி மெட்ரிக் பள்ளியில் சேர்த்தவர்களின் பிள்ளைகளை யாரும் வந்து பார்ப்பதில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை, ஆகவே அதை மட்டும் வைத்துச் சான்றிதழ் காட்டிச் சலுகை கேட்பதும் கஷ்டம். கடைசியில் எல்லாம் வகுப்பு ஆசிரியரின் மனதைப் பொறுத்தது என்றாகிவிடுகிறது. அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர்கள் படும் பாடு தெரியாமல் பேசவில்லை. அவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்களையும் கேட்டுக்கொள்கிறேன். தண்டனையாக எந்தப் பிள்ளையின் விளையாட்டுப் பீரியடையும் இடைவேளையையும் நிறுத்தக் கூடாது என்று எல்லாப் பள்ளிகளுக்கும் எழுத்தில் அனுப்புங்கள். வட்டார வள மையங்களில் நடக்கும் ஆசிரியர் பயிற்சியில் அரை நாள் ஒதுக்கி, ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டை வரவழைத்து நேரில் செய்து காட்டச் சொல்லுங்கள், அதில் மெட்ரிக் பள்ளி ஆசிரியர்களுக்கும் இடம் கொடுங்கள். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் இது நடந்தால் இந்த வருடமே பலன் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
குடியாத்தம்.