ஈபர்ட்டின் நட்சத்திரங்களும் அவர் எழுதியதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அவருக்காக இத்தனை பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரையாளர் அவரை மடக்கிய விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. 'ப்ளூ வெல்வெட்'டுக்கு 1 நட்சத்திரம், ஈரானிய இயக்குநர் கியரோஸ்தமியின் 'டேஸ்ட் ஆஃப் செர்ரி'க்கு 1, 'தி யூஷுவல் சஸ்பெக்ட்ஸ்' படத்துக்கு ஒன்றரை. அந்தப் பக்கம் 'ஸ்பீட் 2'வுக்கு 3, 'கார்ஃபீல்டு' பூனைக்கு 3, 'அனகோண்டா' பாம்புக்கு மூன்றரை. இப்படி ஒரு பட்டியலைப் போட்டுவிட்டு, இந்த ரசனையை எப்படி நம்புவது என்று கேட்டிருக்கிறார். எண்கள் எல்லாம் சரிதான். பட்டியலைப் படித்து நானும் சிரித்தேன்.

ஆனால் ஈபர்ட் இந்த நட்சத்திரங்களை எப்படிப் போட்டார் என்பதைக் கட்டுரை சொல்லவில்லை. 2004-இல் 'ஷாவலின் சாக்கர்' விமர்சனத்தில் அவரே அதை விளக்கியிருக்கிறார். 'ஹெல்பாய்' என்ற காமிக்ஸ் நாயகன் படம் நன்றாக இருக்கிறதா என்று ஒரு நண்பர் கேட்டால், 'மிஸ்டிக் ரிவர்' போன்ற கனமான படத்தின் அளவுக்கு இருக்கிறதா என்றா கேட்கிறார்? அதே வகைப் படமான 'தி பனிஷர்' அளவுக்குத் தேறுமா என்றுதான் கேட்கிறார். ஆகவே பாம்புப் படத்தின் மூன்றரை என்பது பாம்புப் படங்களுக்குள் மூன்றரை. அதைக் கொண்டுபோய் ஈரானியப் படத்தின் பக்கத்தில் வைத்தால் யாருடைய பட்டியலும் கேலிக்கூத்தாகத்தான் தெரியும்.

இது முழுப் பதில் ஆகாது என்பதும் எனக்குத் தெரியும். கியரோஸ்தமியின் படத்தை அதன் வகைக்குள் வைத்துப் பார்த்தும் 1 நட்சத்திரம்தானே கொடுத்தார் என்று கட்டுரையாளர் திருப்பிக் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு, நட்சத்திரத்துக்குக் கீழே அவர் எழுதியதைப் படிக்க வேண்டும். கட்டுரையில் அதிலிருந்து ஒரு வரிகூட இல்லை.

'டேஸ்ட் ஆஃப் செர்ரி' 1997-இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவின் உச்ச விருதான தங்கப்பனையை ஜப்பானிய இயக்குநர் இமாமுராவின் 'தி ஈல்' படத்துடன் பகிர்ந்துகொண்டது. தற்கொலை செய்துகொள்ள முடிவெடுத்த ஒருவர், தன்னைப் புதைக்க ஓர் ஆளைத் தேடி டெஹ்ரானின் புறநகர்ப் பக்கம் காரில் சுற்றுகிறார். அவ்வளவுதான் கதை. ஈபர்ட் தன் விமர்சனத்தில் அந்த நீண்ட கார்ப் பயணங்களைச் சொல்கிறார், பேச்சுகளுக்கு நடுவே விழும் மௌனத்தைச் சொல்கிறார், கடைசியில் படப்பிடிப்புக் குழுவே திரையில் வந்து நிற்பதையும் சொல்கிறார். இயக்குநர் என்ன நினைத்தார் என்பது தனக்குப் புரிகிறது, ஆனால் அதற்காக இந்தச் சலிப்பைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை என்கிறார். என் கட்சி கியரோஸ்தமி கட்சிதான். அதே சிகாகோவில் 'சிகாகோ ரீடர்' இதழில் எழுதிய ஜோனதன் ரோசன்பாம் இந்தப் படத்தைக் கொண்டாடினார், அவர் பக்கம்தான் நானும். ஆனால் ஈபர்ட்டின் விமர்சனத்தை மட்டும் படித்த ஒருவர், 'இது எனக்குப் பிடிக்கிற படமாக இருக்கும்போலிருக்கிறதே' என்று கிளம்பிப் போக முடியும். தனக்குப் பிடிக்காத படத்தைப் பற்றி அவ்வளவு சரியான தகவல் தந்திருக்கிறார். படத்தை ஆகா ஓகோ என்று புகழ்ந்த சில எழுத்துகளில்கூட எனக்கு அது கிடைத்ததில்லை.

'ப்ளூ வெல்வெட்' விஷயம் இன்னும் சுவாரஸ்யமானது. 1986-இல் வந்த படம். படம் மோசமாக எடுக்கப்பட்டிருக்கிறது என்று ஈபர்ட் சொல்லவே இல்லை. இசபெல்லா ரோசலினி தன்னை முழுவதுமாக ஒப்புக்கொடுத்து நடித்த, பார்க்கவே கஷ்டமான காட்சிகளை எடுத்துவிட்டு, உடனே சிற்றூர் வாழ்க்கையைக் கிண்டல் செய்யும் நகைச்சுவைக்கு இயக்குநர் டேவிட் லிஞ்ச் தாவிவிடுகிறார், அந்த நடிகையை அம்போவென்று விட்டுவிடுகிறார் என்பதுதான் அவருடைய புகார். அவரோடு தொலைக்காட்சியில் உட்கார்ந்து விமர்சனம் செய்த ஜீன் சிஸ்கலுக்குப் படம் பிடித்திருந்தது. இருவரும் நிகழ்ச்சியிலேயே மோதிக்கொண்டார்கள். ஈபர்ட்டின் வாதத்தை நான் முழுக்க ஏற்கவில்லை. ஒரு நடிகை தெரிந்தே எடுத்த முடிவை அவர் சற்றுக் குறைத்து மதிப்பிட்டார் என்று நினைக்கிறேன். ஆனாலும் ஒரு படத்தில் நடிப்பவர் எப்படி நடத்தப்படுகிறார் என்ற கேள்வியை ஒரு நாளிதழ் விமர்சனத்தில் அன்றைக்கே எழுப்பியிருக்கிறார். அது வெறும் '1 நட்சத்திரம்' என்று கட்டத்துக்குள் அடைக்கிற சமாசாரமா?

லிஞ்ச் மேல் அவருக்கு விரோதம் இருந்ததாகவும் கட்டுரை ஒரு கோடி காட்டுகிறது. அது சரியல்ல. 1999-இல் 'தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி'க்கு 4 நட்சத்திரம், 2001-இல் 'முல்ஹாலண்ட் டிரைவ்' படத்துக்கும் 4. அவருடைய அளவில் 4-தான் உச்சம். இரண்டாவது படத்தின் விமர்சனத்தில், இதற்காக லிஞ்ச்சின் முந்தைய படங்களான 'வைல்ட் அட் ஹார்ட்'டையும் 'லாஸ்ட் ஹைவே'யையும்கூட மன்னித்துவிட்டேன் என்ற பொருளில் எழுதினார். அந்த மன்னிப்புப் பட்டியலில் 'ப்ளூ வெல்வெட்' இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆள் லேசுப்பட்டவர் இல்லை!

நடிகரும் இயக்குநருமான வின்சென்ட் காலோவோடு நடந்த சண்டைக் கதையையும் கட்டுரை பாதியோடு நிறுத்திவிட்டது. 2003-இல் கான் விழாவில் காலோவின் 'தி பிரவுன் பன்னி'யைப் பார்த்துவிட்டு, அந்த விழாவின் வரலாற்றிலேயே இதுதான் மோசமான படம் என்றார் ஈபர்ட். காலோ பதிலுக்கு அவருடைய பருமனைச் சொல்லித் திட்டினார், அவருடைய குடலுக்குச் சாபமும் விட்டார். தன் குடலுக்குள் கேமரா விட்டுச் செய்த பரிசோதனையைத் திரையில் பார்த்ததே இந்தப் படத்தைவிடச் சுவையாக இருந்தது என்று ஈபர்ட் திருப்பிக் கொடுத்தார். இதுவரை எல்லோருக்கும் தெரியும். பிறகு காலோ படத்திலிருந்து சுமார் 26 நிமிடங்களை வெட்டி எறிந்தார். அடுத்த ஆண்டு ஈபர்ட் புதிய வடிவத்தைப் பார்த்து 3 நட்சத்திரம் கொடுத்தார், படத்தொகுப்பு ஒரு படத்தை எப்படிக் காப்பாற்றும் என்றும் எழுதினார். அவ்வளவு வசை வாங்கிய பிறகு இதைச் செய்ய எத்தனை பேருக்கு மனசு வரும்?

'கிரவுண்ட்ஹாக் டே' படத்துக்கு 1993-இல் 3 நட்சத்திரம் கொடுத்தவர், 2005-இல் அதைத் தன் 'மகத்தான படங்கள்' வரிசையில் சேர்த்து, முதலில் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டார். அந்த வரிசையில் சத்யஜித் ராயின் அப்பு முப்படங்கள் இருக்கின்றன, அவருடைய 'ஜல்சாகர்' இருக்கிறது, ஜப்பானிய இயக்குநர் ஓசு இருக்கிறார், 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' என்ற ஜப்பானிய அனிமேஷன் படமும் இருக்கிறது.

இந்த அகலம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அவர் 1967 முதல் 'சிகாகோ சன்-டைம்ஸ்' நாளிதழின் சினிமா விமர்சகராக வேலை பார்த்தவர். வெள்ளிக்கிழமை எது வருகிறதோ அதைப் பார்த்தே ஆக வேண்டும். 'நியூ யார்க்கர்' வார இதழில் எழுதிய விமர்சகர் பாலின் கேல் பல ஆண்டுகள் அந்தப் பத்தியை இன்னொரு விமர்சகரான பெனலப்பி கில்லியட்டுடன் ஆறாறு மாதமாகப் பங்கிட்டுக்கொண்டார். எதை எழுதுவது என்று தேர்ந்தெடுக்கும் வசதி கேலுக்கு இருந்தது. நாளிதழ்க்காரருக்குப் பூனையும் பாம்பும் வேலையின் பகுதி. ஈபர்ட் அவற்றைப் பார்த்து முகம் சுளிக்காததை நான் ஒரு குணமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. கட்டுரையாளர் அதைத் தேட வேண்டிய இடத்தில் தேடவில்லை, அவ்வளவுதான். இயக்குநர் ஸ்கார்செசியை அவருடைய முதல் படத்திலிருந்தே கொண்டாடியவர் ஈபர்ட், அவரைப் பற்றித் தனிப் புத்தகமே போட்டவர். ஜெர்மானிய இயக்குநர் ஹெர்ஸாக் தன் அண்டார்க்டிகா ஆவணப்படத்தை ஈபர்ட்டுக்கே சமர்ப்பித்தார். இவ்வளவு நெருக்கம் ஒரு விமர்சகருக்கு நல்லதா? எனக்குச் சந்தேகம்தான். கடைசிச் சில ஆண்டுகளில் அவர் கை ரொம்பத் தாராளமாகிவிட்டது என்றும் தோன்றுகிறது. 2009-இல் 'நோயிங்' படத்துக்கு 4 நட்சத்திரம் கொடுத்ததை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. நட்சத்திரத்தைவிடப் பெரிய பாவம், சிஸ்கலோடு சேர்ந்து கட்டைவிரலை மேலே கீழே காட்டிப் பழக்கியது. இன்று போஸ்டர்களில் ஒரு படத்தை ஒரே சொல்லில் தீர்த்துக்கட்டுகிறோமே, அதில் அந்த விரலுக்கும் பங்கு உண்டு. புற்றுநோய் அறுவைச் சிகிச்சைகளால் 2006-இல் பேச்சை இழந்த பிறகு அந்த விரல் நின்றுபோனது, எழுத்து நிற்கவில்லை. 2012-இல் மட்டும் 306 விமர்சனங்கள் எழுதியதாக அவரே குறிப்பிட்டிருக்கிறார்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் இதழிலும் ஒவ்வொரு விமர்சனத்துக்கும் கீழே நட்சத்திரம் போடுகிறீர்கள். மதிப்பெண் பார்த்துப் படத்துக்குப் போகும் பழக்கம் நம்மிடம் பழையது, உடனே விட முடியாது என்பது புரிகிறது. சோதனையாக ஒரு மாதத்துக்காவது அதை எடுத்துவிட்டுப் பாருங்களேன். முடியாது என்றால், அடுத்த இதழில் 'டேஸ்ட் ஆஃப் செர்ரி' விமர்சனத்தில் ஈபர்ட் என்ன சொன்னார் என்பதை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள். பட்டியலைப் படித்தவர்கள் அதையும் படிக்கட்டும்.

அப்புறம், கட்டுரையில் அவர் மறைந்த ஆண்டு 2012 என்று அச்சாகியிருக்கிறது. அவர் இறந்தது 2013 ஏப்ரல் 4. திருத்தம் வெளியிட்டால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
காரைக்குடி