இது பரம்பரை நோய் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வார மருத்துவப் பக்கத்தில் சி.எம்.எல். என்கிற ரத்தப் புற்றுநோய் பற்றிப் போட்டிருந்தீர்கள். மற்றதெல்லாம் சரி. ஆனால் "மரபணுக் கோளாறால் வருவது" என்று ஒரே வரியோடு விட்டுவிட்டீர்களே, எங்கள் குடியாத்தம் பக்கம் அதை எப்படிப் படிப்பார்கள்? அப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரும் என்றுதான். என் தம்பிக்கு இந்த நோய். அவன் மகளைப் பார்த்துப் பிடித்துப்போய், பூ வைக்க நாள் குறித்துப் போனவர்கள், இவன் வேலூருக்கு வைத்தியத்துக்குப் போவது தெரிந்ததும் "குடும்பத்திலேயே ஜீன் கோளாறாமே" என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஒன்பதாவது குரோமோசோமில் ஏ.பி.எல்.1 என்ற ஜீன் நம் எல்லோருக்குமே உண்டு. அது உருவாக்கும் டைரோசின் கைனேஸ் என்ற நொதி, மற்ற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டி, செல் வளரவும் பெருகவும் வேண்டிய தகவலைக் கடத்துகிறது. வேலை முடிந்ததும் அடங்கிவிடும். இந்த நோயில், எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில், 9-வது குரோமோசோமும் 22-வது குரோமோசோமும் உடைந்து துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்ள, ஏ.பி.எல்.1 போய் பி.சி.ஆர். என்ற இன்னொரு ஜீனோடு சேர்ந்துவிடுகிறது. அப்புறம் அந்த நொதி, ஸ்டார்டர் ஒட்டிக்கொண்ட கிணற்று மோட்டார் மாதிரி நிற்காமல் ஓடும், வெள்ளணுக்கள் பெருகிக்கொண்டே போகும். இப்படித் துண்டுகள் இடம் மாறுவது, 1973-லேயே ஜேனட் ரௌலி என்ற அமெரிக்க விஞ்ஞானி கண்டு சொன்ன விஷயம். பிறந்த பிறகு அந்தச் செல்லிலும் அதன் வழிவந்த செல்களிலும் மட்டும் ஏற்படுகிற மாற்றம், விந்தணுவிலோ கருமுட்டையிலோ இல்லாதது, பிள்ளைக்கு எப்படிப் போகும்?

அந்த நொதியை அடக்கத்தான் 2001-ல் இமாடினிப் என்ற மருந்து வந்தது. 2013-ல் உச்ச நீதிமன்றம் அதற்குக் காப்புரிமை கிடையாது என்று தீர்ப்பு சொன்னதால், நம் நாட்டுக் கம்பெனிகள் குறைந்த விலையில் விற்கத் தடையில்லை. என் தம்பி சாப்பிட்டவுடன் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு அதைப் போட்டுக்கொண்டு தறியில் உட்கார்ந்துவிடுவான். இப்போது யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று மாத்திரை அட்டையை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறான், விருந்தாளி வந்தால் வேளை தவறிப் போகிறது. அப்படி விட்டு விட்டுப் போட்டால் நோய் திரும்பத் தலைதூக்கும். எனக்குப் பயமே அதுதான்.

வர்ற வாரமே அதே பக்கத்தில், பெரிய எழுத்தில், இது பரம்பரை நோய் இல்லை என்று போடுங்கள். வேலூரில் ரத்தநோய் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை, அவர்களில் ஒருவரிடம் கேட்டே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, குடியாத்தம்