நிலமகளுக்கு முகம் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

'நிலமகள்' ஓவியம் முடிந்துவிட்டது. ஆறடி உயரம், நாலடி அகலம். கீழே ஓரத்தில் என் கையெழுத்து மட்டும் இருப்பது எனக்கு உறுத்துகிறது. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி குயவர் ஐயாவுக்கு. பூமித்தாயை மண்ணாலேயே தீட்ட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். துணியில் களிமண்ணைத் தடிமனாகப் பூசி அதன்மேல் வரைந்தேன். காய்ந்ததும் பாளம் பாளமாக வெடித்து உதிர்ந்தது. இரண்டு மாத உழைப்பு! உட்கார்ந்து அழுதேன். ஐயா வந்து, உதிர்ந்த துண்டு ஒன்றை விரலால் நசுக்கிப் பார்த்தார். "களி காயும்போது சுருங்கும்மா. மணல் சேர்க்கலேன்னா வெடிக்கத்தான் செய்யும். துணி வேற ஆடுது" என்றார். அப்புறம் மணல் கலந்து, மெல்லிய பூச்சாகப் பலமுறை பூசினோம். துணிக்குப் பதில் பலகை. அதை இழைத்து, வளையாதபடி பின்னால் சட்டம் அடித்துத் தந்த தச்சர் அண்ணனுக்கும் என் வணக்கம்.

மஞ்சள் காவியை வறுத்தால் சிவப்பாகும் என்று காட்டியதும் ஐயாதான். அதிலுள்ள இரும்புச் சேர்மத்துக்குள் இருக்கும் நீர் சூட்டில் வெளியேறும்போது நிறம் மாறுகிறது. கண்முன்னே அது சிவந்துகொண்டே வந்த அந்தச் சில நிமிடங்களை மறக்கவே மாட்டேன். ஓவியத்தில் தாயின் வயிறு வறுத்த சிவப்பு. மடி வறுக்காத மஞ்சள். இரண்டும் ஒரே மண்.

உடல் வந்துவிட்டது. முகம் வரவில்லை.

தொல்லியல் படித்த தோழி, தாய்த்தெய்வம் என்று சொல்லப்படும் பழைய உருவங்களின் படங்களை எனக்காகத் தேடித் தேடி அனுப்பினாள். ஆஸ்திரியாவின் வில்லண்டார்ஃபில் 1908இல் கிடைத்த சுண்ணாம்புக்கல் பெண்ணுருவம் வெறும் 11 சென்டிமீட்டர் உயரம்தான். செங்காவி பூசிய தடம் உண்டு, தலையைச் சுற்றிப் பின்னல் போன்ற வரிகள் உண்டு, முகம் மட்டும் இல்லை. துருக்கியின் சாத்தல்ஹூயூக்கில் 1961இல் தோண்டி எடுத்த களிமண் பெண், இரு பக்கமும் விலங்குகள் நிற்க நிமிர்ந்து அமர்ந்திருக்கிறாள். எடுத்தபோது தலை இல்லை, இப்போது இருப்பது பிற்பாடு செய்து பொருத்தியது. நம் நாட்டுப் பழைய சிற்பங்களில் வரும் வளமைத் தெய்வமான லஜ்ஜா கௌரிக்குத் தலை இருக்க வேண்டிய இடத்தில் தாமரை. மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்கள் வணங்கிய பூமித்தாய் கோவாட்லிக்குவேயின் சிலையிலோ இரண்டு பாம்புத் தலைகள் எதிரெதிரே சேர்ந்து ஒரு முகமாகின்றன. முதல் இருவரும் தெய்வங்கள்தானா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை என்பதையும் அவள் மறைக்காமல் சொன்னாள். என் ஆசைக்கு ஏற்றபடி கதை சொல்லாத அந்த நேர்மைக்குத் தனி நன்றி.

சரி, நானும் முகத்தை வெறுமையாகவே விட்டுவிடலாம் என்று முடிவெடுத்த வாரத்தில்தான் தமிழாசிரியை அக்கா வந்தார். "வள்ளுவரோட நிலமகளுக்கு முகம் இருக்கே!" என்றார். ஒன்றுமில்லையே என்று சோம்பி இருப்பவரைக் கண்டால் நிலமென்னும் நல்லாள் நகுவாள். அதற்கு முந்தைய குறளில், உடையவன் வந்து பார்க்காவிட்டால் மனைவியைப் போல ஊடுவாள். அருளும் தாயைத்தான் நான் அதுவரை தேடிக்கொண்டிருந்தேன். சிரிப்பவள், கோபித்துக்கொள்பவள், நம்மோடு உறவு வைத்திருப்பவள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அக்கா, ஓவியம் பிழைத்தது அந்தச் சாயங்காலத்தில்தான்.

அந்தச் சிரிப்பை எனக்குத் தந்தது பக்கத்து வீட்டுப் பாட்டி. மடிக்கும் கைகளுக்கும் மாதிரியாக, முதுகு வலிக்க வலிக்கப் பல நாள் உட்கார்ந்தவர். இரண்டு குறளையும் அவரிடம் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கும் முன்பே, "அவளைப் போய்ப் பார்க்கிறவங்க இப்ப யாரு இருக்கா?" என்று உதட்டைச் சுழித்தார். அதுதான் முகம். உடனே கரிக்கோலை எடுத்துவிட்டேன்.

வீட்டில் மண்ணும் பிசினும் சிதறிக் கிடந்த இத்தனை மாதங்களைப் பொறுத்துக்கொண்ட என் வீட்டாருக்கும் அன்பு.

பாட்டி, பலகையில் மிஞ்சிய துண்டில் உங்கள் முகத்தை மட்டும் தனியாக வரைந்திருக்கிறேன். காய இன்னும் இரண்டு நாள் ஆகும். நானே எடுத்துக்கொண்டு வருகிறேன்.