தோட்டால் வந்த கடி

அன்பின் வசந்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மட்டக்களப்பில் மழை விட்டது பெரிய ஆறுதல். இங்கே வெள்ளவத்தையில் எல்லோரும் சுகம். மகளின் தோல் அலர்ஜியும் ஒருவழியாக அடங்கிவிட்டது.

கலியாண வீட்டுக்கென்று புறக்கோட்டையில் வாங்கின தோட்டைப் போட்டு இரண்டாம் நாள், அவளுடைய காதுச்சோணை சிவந்து, நீர் கசிந்து, பொருக்குத் தட்டியது. தொப்புளுக்குக் கீழேயும் காசளவில் ஒரு சொரசொரத்த திட்டு. காதுக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம்? தோல் வைத்தியர் பார்த்ததுமே ஜீன்ஸ் பொத்தானைக் காட்டச் சொன்னார். இரண்டிலும் இருந்தது நிக்கல் என்ற உலோகம். வியர்வை பட்டால் அது கரைந்து தோலுக்குள் இறங்குமாம். கொழும்புப் புழுக்கத்துக்குக் கேட்கவும் வேண்டுமா? பட்ட உடனே கிளம்பாது, ஒன்றிரண்டு நாள் செல்லும். அதனால்தான் எதனால் வந்ததென்று பலருக்குப் பிடிபடுவதில்லை. தோட்டைக் கழற்றிவிட்டு, பொத்தானின் உட்பக்கம் துணி வைத்துத் தைத்தோம். ஸ்டீரொயிட் கிறீம் ஒன்றை மெல்லிசாக, சொன்ன நாட்களுக்கு மட்டும் பூசக் கொடுத்தார். புண் ஆறிவிட்டது. ஆனால் நிக்கல் ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும் இருக்குமாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது வேறொன்றுக்கு. முதலில் ஒரு பாமசியில் வைத்தியரின் மருந்துத் துண்டு கூடக் கேட்காமல் கொடுத்த டியூப்பில் கடுமையான ஸ்டீரொயிட், பங்கசு மருந்து, அன்டிபயோட்டிக் மூன்றும் கலந்திருந்தன. அதை முகத்தில் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்துபோகும். படர்தாமரைக்குப் பூசினால் ஆறுவதுபோல் காட்டிவிட்டுப் பரவும். பிள்ளைகளின் தோலில் இப்படியா விளையாடுவது!

உன் மகனுக்கு வருவது வேறு ரகம். தடித்துத் தடித்து எழும்பி, சில மணி நேரத்தில் அடையாளமே இல்லாமல் போகிறதென்றால் அது காணாக்கடி. அதற்குக் கிறீம் உதவாது. செற்றிரிசின் போன்ற அலர்ஜிக் குளிசைதான். சூரை மீன் தின்ற அன்று வந்தது என்று எழுதியிருந்தாய். அது மீன் அலர்ஜியாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. ஐஸ் போடாமல் கிடந்த சூரையில், அலர்ஜி போலவே தடிப்பைக் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற பொருள் கூடிவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. இதை வைத்தியரிடம் கேள். அவர் சொல்லும்வரை சூரை வேண்டாம், ஆனால் நீயாக முடிவெடுத்து அவனுக்கு எல்லா மீனையும் நிரந்தரமாக நிறுத்திவிடாதே.

உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ குளிசையைக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 1990 அம்புலன்சுக்கு அடி. அந்த நேரத்தில் அட்ரினலின் ஊசிதான் உயிரைக் காக்கும்.

அப்புறம், அடுத்த முறை எழும்பினால் போனில் படம் எடுத்து வை. வைத்தியரிடம் போய்ச் சேர்வதற்குள் மறைந்துவிடும். எனக்கும் ஒன்று அனுப்பு.

அன்புடன்,
சாந்தி