பாலாடை பாலுக்கு, மருந்துக்கு சிரிஞ்சு

ஆசிரியருக்கு,

கைக்குழந்தைக் காய்ச்சல் பற்றிய உங்கள் கட்டுரையில் மருந்தை "ஒரு பாலாடை அளவு" கொடுக்கச் சொல்லியிருந்தீர்கள். அந்தச் சொற்றொடரை இனி அச்சிட வேண்டாம். பால் புகட்டப் பாலாடை நல்ல கருவி. குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனைகளிலேயே அதில்தான் புகட்டுகிறார்கள். ஆனால் வீட்டில் இருக்கும் வெள்ளி, எவர்சில்வர் பாலாடைகளில் அளவுக்கோடு கிடையாது, ஒன்றின் கொள்ளளவு இன்னொன்றுக்கு வராது. சிரப் பாகு போன்றது என்பதால் பாலாடையின் உள்பக்கத்திலும் மூக்கிலும் ஒட்டி நின்றுவிடும். சமையலறை ஸ்பூனுக்கும் இதே குறை உண்டு.

ஒன்றிரண்டு மில்லி முன்னே பின்னே போனால் என்ன என்று கேட்பவர்கள் பாராசிட்டமாலை எடுத்துக்கொள்ளட்டும். கடையில் விற்கும் சொட்டு மருந்தில் பெரும்பாலும் 1 மில்லிக்கு 100 மி.கி. இருக்கிறது. சாதாரண சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மி.கி.தான். பெரிய பிள்ளைகளுக்கான சிரப்பில் 5 மில்லிக்கு 250. மருத்துவர் 6 கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு 15 மி.கி. கணக்கில் ஒரு வேளைக்கு 90 மி.கி. எழுதினால், 125 சிரப்பில் அது 3.6 மில்லி, சொட்டு மருந்தில் 0.9 மில்லி. சிரப் தீர்ந்துபோன இரவில் சொட்டு மருந்தை எடுத்து அதே 3.6 மில்லியைக் கொடுத்தால் 360 மி.கி. உள்ளே போகிறது. நான்கு மடங்கு! இந்தக் குழப்பத்துக்காகவே அமெரிக்காவில் 2011-இல் அடர்த்தியான சொட்டு மருந்தைக் கைவிட்டு, குழந்தைகளுக்கு 5 மில்லிக்கு 160 மி.கி. என்ற ஒரே அடர்த்திக்கு மாறினார்கள். நம் கடைகளில் எல்லாம் ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன. (மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எந்தப் பாட்டிலையும் திறக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.)

சொட்டு மருந்தோடு வரும் டிராப்பர் அந்தப் பாட்டிலுக்கு மட்டுமே உரியது. வைட்டமின் டி சொட்டு மில்லிக்கு 400 யூனிட்டிலும் கிடைக்கிறது, 800-லும் கிடைக்கிறது. பழைய டிராப்பரைப் புதுப் பாட்டிலில் போட்டு "அதே கோடு வரைக்கும்" என்று கொடுத்தால் கணக்கு இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும். துளி எண்ணிக் கொடுப்பதும் ஆகாது. துளியின் பருமன் மருந்தின் கெட்டித்தன்மையையும் டிராப்பரின் துளையையும் பொறுத்தது. பாட்டில் மூடியோடு வரும் அளவுக்கோப்பையை, 5 மில்லிக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தால் பயன்படுத்தலாம்.

ஆகவே ஊசியில்லாத வாய்வழி சிரிஞ்சுதான் சரி. 1 மில்லிக்குள் கொடுப்பதற்கு 1 மில்லி சிரிஞ்சு, அதற்கு மேல் 5 மில்லி. கடைக்காரர் இன்சுலின் சிரிஞ்சைக் கொடுத்தால் வாங்காதீர்கள்: அதில் கோடுகள் மில்லியில் இல்லை, யூனிட்டில் இருக்கும். நம் ஊரில் பரவலாகக் கிடைக்கும் வகையில் 40 யூனிட் சேர்ந்ததுதான் 1 மில்லி. சாதாரண ஊசி சிரிஞ்சைத்தான் கொடுத்தார் என்றால் ஊசியையும் மூடியையும் கடையிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வர வேண்டும். முனையில் இருக்கும் சின்ன மூடி தெரியாமல் நின்று, அழுத்தும்போது மருந்தோடு தெறித்துக் குழந்தையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

பாட்டிலை நன்றாகக் குலுக்கிய பிறகு மருந்தை இழுங்கள். குமிழி இருந்தால் முனையை மேலே தூக்கி, விரலால் தட்டி, காற்றை வெளியே தள்ளிவிட்டு மீண்டும் அளவு பாருங்கள். சிரிஞ்சுக்குள் இழுத்துத் தள்ளும் தண்டுதான் உலக்கை; அதன் ரப்பரில், முனைப்பக்கம் இருக்கும் விளிம்பு எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அளவு. குழந்தையைப் படுக்கப்போட்டு ஊற்றக் கூடாது. மடியில் தலை உயர்ந்தபடி சாய்த்து வைத்து, கன்னத்தின் உட்பக்கம் பார்த்து அரை மில்லிக்கும் குறைவாக விட்டு, விழுங்கியதும் அடுத்ததை விட வேண்டும். நாக்கின் நடுவில் பீய்ச்சினால் துப்பிவிடும், தொண்டைக்கு நேராகப் பீய்ச்சினால் புரையேறும். மூக்கைப் பிடித்து வாயைத் திறக்கவைக்கும் பழக்கத்தைப் பாட்டிமார்கள் தயவுசெய்து விட்டுவிட வேண்டும். பால் புட்டியில் கலந்து கொடுப்பதும் வீண். குழந்தை பாதியில் நிறுத்தினால் எவ்வளவு மருந்து போனது என்று யாருக்கும் தெரியாது.

தண்ணீர் கலக்கும் ஆன்டிபயாட்டிக் பொடியில் பிழை வேறு விதம். முதலில் பாட்டிலைத் தட்டிப் பொடியை உதிர்த்துக்கொண்டு, கொதித்து ஆறிய நீரை கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வரை விட்டுக் குலுக்கி, நுரை அடங்கியதும் கோடு வரை நிரப்ப வேண்டும். நுரையோடு கோட்டைப் பார்த்தால் நீர் குறைந்து மருந்து கெட்டியாகிவிடும், அப்புறம் எந்த சிரிஞ்சும் உதவாது.

கொடுத்து முடித்ததும் உலக்கையை முழுக்க உருவி, சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் உலக்கை, சிரிஞ்சுக் குழாய் இரண்டையும் கழுவி, தனித்தனியாகக் காயவிடுங்கள். கோடு அழிந்தாலோ உலக்கை இறுகினாலோ புதிதாக வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். சில ரூபாய்ப் பொருள்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்,
தஞ்சாவூர்